சான்று இல்லாத நால்வர்

இதழியல் துறையின் விரிவுரையாளர் அந்த ஆண்டு மாணவர்களுக்குப் புதுமாதிரியான வேலை கொடுத்தார். கட்டுரை கேட்டால் பாதிப் பேர் எங்கிருந்தாவது வெட்டி ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அதனால், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் போய் வேலை செய்யுங்கள் என்றார். எழுதியதில் பருவ முடிவுவரை அழியாமல் நிற்பதற்கு மதிப்பெண். அடுத்தவர் எழுதிய சான்றில்லாத வரிகளைக் கண்டுபிடித்து நீக்கினால் அதற்கும் மதிப்பெண்.

"எனக்குப் பிடிச்சவங்க, பிடிக்காதவங்கன்னு பேச்சே இல்ல. நின்னா மார்க், நிக்கலன்னா இல்ல" என்றார். அப்படி ஒரு நேர்மையான திட்டத்தைப் போட்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

மாணவர்கள் புனைபெயரில் கணக்குத் தொடங்கினார்கள். எந்தப் பெயர் யாருடையது என்பது விரிவுரையாளருக்கு மட்டுமே தெரியும். ஆனாலும் ஒருவன் தன் பெருமையைத் தானே பேசி மாட்டிக்கொண்டான். எழுதுவது அவனுக்கு வராது. நீக்குவது கைவந்த கலை. கண்ணில் பட்டதையெல்லாம் நறுக்கித் தள்ளினான். வகுப்பே அவனைக் கத்தரி என்று கூப்பிட ஆரம்பித்தது.

இன்னொருத்தி சிட்டு. ஆள் சின்ன உருவம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்பதுபோல இருப்பாள். அவள் ஒருநாள் தாழ்வாரத்தில் விரிவுரையாளரை நிறுத்தினாள்.

"மேடம், நேர்ல பாத்ததுக்கு என்ன சான்று போடணும்?"

அவர் அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். "பாத்ததெல்லாம் செல்லாதும்மா. அச்சுல வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சிட்டு தலையாட்டினாள்.

பருவம் முடிந்து, கணினி அறையில் ஒவ்வொரு கணக்காகத் திறந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சிட்டுவின் வேலை அவர் பார்வைக்கு வந்தது. நின்றது ஒரு வரிகூட இல்லை. சுழியம் போடக் கை போனது. அதற்குமுன் பக்கத்தின் பழைய வடிவங்களைப் புரட்டினார்.

ஊருக்கு வெளியே இருக்கும் உர ஆலையின் பக்கம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே கொதிகலன் வெடித்ததில் மூவர் இறந்ததாக ஏற்கெனவே எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிட்டு சேர்த்திருந்தாள்: "இவர்களைத் தவிர ஒப்பந்தத் தொழிலாளர்கள் நால்வரும் இறந்தனர். வருகைப் பதிவில் இல்லாததால் ஆலை அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை." கூடவே நான்கு பெயர்கள்.

அது நீக்கப்பட்டிருந்தது. காரணம்: சான்று இல்லை. திரும்பவும் எழுதியிருந்தாள். இறப்புச் சான்றிதழின் படத்தையும் சேர்த்திருந்தாள். அதுவும் போயிற்று: சான்றிதழில் மூச்சுத்திணறல் என்றுதான் இருக்கிறது, விபத்து என்று இல்லை. கடைசி முறை, சான்று என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இவர்களில் இரண்டாமவர் என் அண்ணன்."

அதற்கும் பதில் இருந்தது. "சொந்த அனுபவம் சான்றாகாது."

ஒவ்வொரு முறையும் நீக்கியது ஒரே கணக்கு. அந்தப் புனைபெயர் யாருடையது என்று அவர் தேடிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சற்றுமுன்தான் அதற்கு, வகுப்பிலேயே அதிகமான மதிப்பெண்ணைத் தன் கையால் போட்டிருந்தார்.

மறுநாள் கத்தரியை அழைத்தார். திரையைப் பார்த்ததும் அவன் சிரித்தான். "இந்தாளா! விடாக்கண்டன் மேடம். நான் வெட்ட வெட்ட ஒட்டிக்கிட்டே இருந்தான்."

"அது நம்ம சிட்டு."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கடைசி வரியை மறுபடி படித்தான்.

"யாரோ எவனோன்னு நெனச்சேன் மேடம். சத்தியமா. அண்ணன்னு போட்டத ஏதோ புளுகுன்னு..." அவர் பக்கம் திரும்பினான். "நீங்க சொன்ன விதிப்படிதானே செஞ்சேன்?"

"ஆமா" என்றார் அவர்.

துறைத்தலைவரிடம் போனார். சிட்டுவுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்றார். துறைத்தலைவர் கெட்டவர் அல்ல. வம்பை விலை கொடுத்து வாங்காதவர்.

"விதி போட்டது யாரு? நீங்க. கையெழுத்து போட்டது நான். இப்ப ஒரு பொண்ணுக்காக மாத்தினா மத்த பிள்ளைங்க சும்மா இருப்பாங்களா? அதுவும் அந்த ஆலை விஷயம். உங்களுக்கு ஏம்மா இந்த வேண்டாத வேலை?"

சிட்டு கல்லூரிக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். விரிவுரையாளர் வீட்டைத் தேடிப் போனார். ஒற்றை அறை. ஒரு கட்டில், அதன் அடியில் பாத்திரங்கள், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓர் ஆண் சட்டை. சிட்டுவின் அம்மா ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்கதான் அந்த டீச்சரா? உலகமே படிக்கிற புத்தகத்துல அண்ணன் பேர எழுதச் சொன்னாங்கன்னு சொன்னா. நான் தெரு முழுக்கச் சொல்லிட்டேன்ம்மா. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல தேடிப் பாத்துட்டு இல்லங்கிறான். அவனுக்குப் பாக்கத் தெரியல போல."

சிட்டு சுவரைப் பார்த்து நின்றாள். பொய் சொல்லிவிடலாமா என்று விரிவுரையாளருக்கு ஒரு கணம் தோன்றியது. மனம் வரவில்லை.

"இல்லம்மா. எடுத்துட்டாங்க. சான்று இல்லன்னு."

"சான்றுன்னா?"

"அங்கதான் செத்தாருன்னு காட்ட ஒரு சாட்சி."

அந்த அம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"தோலு துணியோட வந்துச்சு. நான்தானே ஒவ்வொண்ணா பிரிச்சுத் துடைச்சேன். நான் சாட்சி இல்லையாம்மா?"

"விடும்மா" என்றாள் சிட்டு. "அவங்களுக்கு அச்சடிச்சது வேணும்."

வாசல்வரை வந்து வழியனுப்பியபோது விரிவுரையாளர், "வெட்டினது யாருன்னு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மேடம். அவனே வந்து சொன்னான். அழுதான். நான்தான் தண்ணி குடுத்து அனுப்பினேன்."

"என்மேல கோபமா?"

"நீங்க அன்னிக்கு, ஏன் கேக்குறேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

விரிவுரையாளர் ஒரு செய்தித்தாள் ஆசிரியரிடம் போய்ப் பேசினார். ஆறிப்போன விஷயம் என்றார் அவர். ஆலை நிர்வாகத்துக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. கத்தரி தன் பங்குக்கு அந்த நான்கு பெயர்களையும் தானே திரும்பச் சேர்த்தான். இந்த முறை வெட்டியது வேறு யாரோ. அவன் விடாமல் சேர்க்க, கலைக்களஞ்சியத்தின் மேற்பார்வையாளர்கள் அவன் கணக்கையே முடக்கி, யாரும் திருத்த முடியாதபடி அந்தப் பக்கத்தையும் பூட்டிவிட்டார்கள்.

முடிவுகள் வந்தன. கத்தரி முதலிடம். சிட்டு தேறவில்லை. கத்தரி விரிவுரையாளரின் அறைக்கு வந்து, தன் மதிப்பெண்ணைக் குறைத்துவிடச் சொல்லிக் கேட்டான். அதற்கு விதியில் இடமில்லை என்று அவனிடம் சொல்லும்போது விரிவுரையாளருக்குத் தன் குரலே பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அந்த வேலையை அவர் கொடுக்கவில்லை. சிட்டு மறுதேர்வுக்கும் வரவில்லை. ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கத்தரிதான் வந்து சொன்னான். போய்ப் பார்த்தானாம்.

"பேசினாளா?"

"பேசினா மேடம்."

"என்ன சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "என்ன அளவு வேணும்னு கேட்டா. சட்டைக்கு."