திண்டுக்கல் பூட்டு

பழனிக்கு மேலே மலையில் இருக்கும் போளூர்க்காரர்கள் வருஷத்தின் முதல் பூண்டு லோடைப் பழனி விபூதி தூவாமல் அனுப்பமாட்டார்கள். முதன்முதலாகக் கப்பலேறப்போகிற லோடுக்கு, விவசாயிகள் குழுத் தலைவர் திருமலைச்சாமி அதைத்தான் மறந்துபோனார். அடிவாரக் கிடங்கில் கன்டெய்னருக்குச் சுங்கத்துறை சீல் வைத்து, அவரும் ஏறிப்போன லாரி ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகு பார்த்தால், பொட்டலம் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

டிரைவர் சுப்புராஜ் பதறினான். “சீலை அறுத்தா வம்புண்ணே. போர்ட்ல நம்பர் பாப்பாங்க.”

“நம்ம பூண்டு, நம்ம சாமி. எவன் கேப்பான்? இரும்பறுக்குற பிளேட எடுலே.”

அறுத்தது அவரேதான். விபூதியைத் தூவி, கதவைக் கம்பியால் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்து, கனமான பூட்டாக வாங்கி மாட்டினார். சுண்டுவிரல் தண்டி சீலைவிட இது பத்திரம் என்று மனுஷனுக்குப் பெருமை வேறு.

தூத்துக்குடியில் சுங்க அதிகாரி ராஜகுமாரி பூட்டைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

“இங்க வச்ச சீல் அப்படியே இருந்தா, பூண்டு போய் எறங்குற நாட்டுல பிரிக்காம வாங்கிக்குவாங்க. ரெண்டு சுங்கத்துறையும் பேசி வச்ச நம்பிக்கை அது. இனி பெட்டிய முழுசா எறக்கிச் சோதிக்கணும். இந்தக் கப்பலுக்குப் போகாது.” பேனாவைத் திறந்தார். “அறுத்தது யாரு? நீங்கன்னா, உங்க குழுவோட பேரை நம்பிக்கைப் பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க. வர்ற லோடெல்லாம் இதே கதைதான். டிரைவர்னா, நாளைக்கு லாரிக் கம்பெனிக்கு நோட்டீஸ் போகும். அவர் இனி எந்தப் போர்ட்டுக்கும் ஓட்ட முடியாது.”

குழுவில் அறுபத்திரண்டு குடும்பங்கள். திருமலைச்சாமிக்குப் பயமாவது வெட்கமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை, உடம்பு மரத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே சுப்புராஜ் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

“டிரைவருங்க,” என்றார். வேறு யாரோ சொன்னதுபோல் காதில் விழுந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கன்டெய்னரை இறக்கிக்கொண்டார்கள். சுப்புராஜ் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டுவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

“ஏறுங்கண்ணே. வெள்ளனே இருந்து ஒண்ணும் திங்கல, மொகமே செத்துக் கெடக்கு. போற வழியில சாப்பிட்டுக்கிருவோம். பழனி வரைக்கும் நான் கொண்டாந்து விடுறேன்.”

திருமலைச்சாமி ஏறி உட்கார்ந்தார்.