இடது கையில் இருந்த கட்டை

பூமயிலுக்குப் பாராட்டு விழாவாம். ராமநாதபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளி முழுக்கத் தோரணம். ரிலே ஓட்டத்தில் அகில இந்தியத் தங்கம் வாங்கிய பழைய மாணவி அல்லவா! அவள் உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டவள் நான், உலகம்மாள், பள்ளிக்கூடத்து ஆயா. எனக்கு வயிறு எரிந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே பள்ளி அணியில் நான் இரண்டாவதாக ஓடினேன், அவள் மூன்றாவதாக. வளைவில் அவளை அடிக்க ஆள் கிடையாது, அதை நான் மறுக்கவில்லை. ரிலே கட்டையை நான் இடது கையில் வாங்கி, இடது கையாலேயே அவளுடைய வலது கையில் வைக்க வேண்டும். டிரில் மாஸ்டர் குருநாதன் அப்படித்தான் பழக்கியிருந்தார்.

மதுரைப் போட்டியில் நன்றாக ஓடுகிறவர்களை மெட்ராஸ் அணிக்கு எடுப்பார்கள். எடுத்தால் படிப்பு, இல்லாவிட்டால் தையில் கல்யாணம் என்று எங்கள் அய்யா சொல்லிவிட்டார். ஓட்டத்துக்குச் சற்று முன் பூமயில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"எங்க அய்யா பாக்க வந்திருக்காக. அவுக முன்னாடி இடது கையால நீட்டிறாதடி. எனக்கென்ன பிச்சையா போடுற?"

நானும் தலையாட்டித் தொலைத்தேன். அவளை நெருங்கும்போது ஓட்டத்திலேயே கட்டையைக் கை மாற்றினேன். நழுவி விழுந்தது. பொறுக்கிக் கொடுப்பதற்குள் மூன்று பேர் எங்களைத் தாண்டிவிட்டார்கள். பூமயில் அந்த மூன்று பேரையும் வளைவிலேயே முந்தினாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

"ஏன் கைய மாத்துன?" என்று மாஸ்டர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"நான் எதுக்கு சார் அப்பிடிச் சொல்லப்போறேன்?" என்றாள் பூமயில், கண்ணை இமைக்காமல்.

அவள் மெட்ராஸுக்குப் போனாள். எனக்குத் தையில் தாலி ஏறியது.

இன்றைக்கு மைக்கின் முன்னால் நின்று பேசினாள். "மதுரையில ஒரு பிள்ளை கவனக்குறைவாக் கட்டையைக் கீழ போட்டுருச்சு. நான் மனசு விடல." பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கையில் தட்டு. தட்டில் அதே பழைய கட்டை, ரிப்பன் கட்டி, அவளுக்கு நினைவுப் பரிசாக. தலைமையாசிரியை எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

நான் முந்திக்கொண்டேன். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கட்டையை இடது கையில் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"ஏ உலகம்மா! இடது கையாலயா குடுக்குறது?" என்று தலைமையாசிரியை பதறினார்.

பூமயில் சிரித்தபடி வலது கையால் கட்டையைப் பிடித்தாள். "பரவால்ல டீச்சர். மெட்ராஸ்ல எல்லாரும் இப்பிடித்தான் குடுப்பாக. பழகிருச்சு."

ஊர் பேர் தெரியாதவள் நீட்டினால் வாங்குவாளாம். நான் நீட்டினால்தான் பிச்சையாம். நான் கட்டையை விடவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"விடு உலகம்மா," என்றாள் வாய்க்குள்.

"அன்னைக்கு நீ சொன்னத மைக்குல சொல்லு," என்றேன். "விடுறேன்."