மூன்று மாத அனுமதி

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு இடித்தார்கள். வீட்டுக்காரர் அங்கே லாட்ஜ் கட்டப்போகிறார். காலி செய்யச் சொன்ன கெடுவில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. பக்ருதீன் ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் வாயிலேயே குத்தினான். விழுந்தவனை இடுப்பில் மிதித்தார்கள். மனைவி நூரைனும் ஆறு வயது மகள் மெஹ்விஷும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் சரிந்தபோது பாத்திரம், துணி, பீரோ எல்லாம் உள்ளேதான் இருந்தன.

மூவரும் ஆட்டோ பிடித்து மஹ்பூபாவின் வீட்டில் வந்து இறங்கினார்கள். மஹ்பூபா பக்ருதீனின் அக்கா. கணவன் இறந்த பிறகு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். அவள் இருந்த ஏரிக்கரைக் குடிசைகளை எடுத்தபோது, ஊருக்கு வெளியே இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் ஒரு வீட்டை அவள் பெயருக்கு ஒதுக்கினார்கள். ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. ஒதுக்கீட்டில் பெயர் இல்லாதவர்களைச் சொல்லாமல் தங்கவைத்தால் வீடு ரத்தாகும். அதனால் மறுநாளே வாரிய அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். வீடிழந்த உறவினர் என்று மூவர் பெயரையும் எழுதி, மூன்று மாதம் தங்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

"மூணு மாசம் நிம்மதியா இருங்க," என்றாள் மஹ்பூபா. "அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கலாம்."

பக்ருதீன் ஆட்டோ சீட் தைக்கும் குஷன் வேலைக்காரன். வீங்கிய வாயோடு கடைக்குப் போக மறுத்து, ஹாலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வாரம், டீயில் சர்க்கரை கம்மி என்று டம்ளரை நூரைன் முகத்தில் எறிந்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"பக்ரு, இது என் வீடு. இங்க கை நீட்டாத," என்றாள் மஹ்பூபா.

அவன் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடி வாங்கிய கோபம், போகப் போக இறங்கிவிடும் என்று அவள் நம்பினாள். அதன் பிறகு அவன் அவள் இல்லாத நேரம் பார்த்து அடித்தான். ஒரு நாள் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வந்தவள், புடவை மாற்றிக்கொண்டிருந்த நூரைனின் முதுகில் பெல்ட் தடங்களைப் பார்த்தாள்.

"போலீசுக்குப் போலாம், வா."

"வேணாங்க்கா. சண்டைக்கார வீடுன்னு பேர் வந்தா உங்க வீட்டையும் புடுங்கிடுவாங்க. அப்புறம் நாம நாலு பேரும் எங்க போறது?"

மஹ்பூபாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நூரைன் இடித்த இடத்துக்குப் போய், குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டைகளையும் மண்ணுக்குள்ளிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரரின் ஆட்கள்தான் செங்கல்லைப் புரட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டாள்.

"என்னை மிதிச்சவன் கிட்டப் போய் நின்னியா?" என்றான் பக்ருதீன்.

எழுந்து கதவைத் தாழ் போட்டான். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பையிலிருந்து குஷன் ஆணி அடிக்கும் சுத்தியலை எடுத்தான். நூரைன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். முதல் அடி அவள் விரல்களில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஜன்னலோரம் ஜாக்கெட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மஹ்பூபாவுக்குக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடிக்கு அவன் நூரைனின் முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான்.

மஹ்பூபா கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை, முடியைப் பிடித்திருந்த அவன் கையில், முழங்கையோரம் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கிய நாற்றம் வந்தது. அவன் அலறியும் அவள் எடுக்கவில்லை. நூரைனின் முடியை விட்டுவிட்டு அவன் திரும்பி, மறு கையிலிருந்த சுத்தியலால் அக்காவை அடித்தான். காறை எலும்பு முறிந்து அவள் சரிந்தாள். மெஹ்விஷ் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்தாள். எதிர் வீட்டுச் சந்திரகலாவும் மாடியிலிருந்த பெண்களும் உள்ளே புகுந்து அவனைத் தரையில் அமுக்கி, துப்பட்டாவால் கட்டினார்கள். சந்திரகலாதான் போலீசுக்குப் போன் செய்தாள்.

அரசு மருத்துவமனையில், போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தபோது, கட்டுப்போட்ட கையோடு பக்ருதீன் மஹ்பூபாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, மாடிப்படில விழுந்துட்டோம்னு சொல்லிடு. நான் உன் கூடப் பொறந்தவன்."

"அதனாலதான் இவ்ளோ நாளு பாத்துக்கினு இருந்தேன்," என்றாள் மஹ்பூபா. "அவ வெரலைப் பாத்தியா நீ? ரெண்டு வெரலு இனிமே மடங்காதாம்."

அவனைச் சிறைக்குக் கொண்டுபோன மறுநாள், தோளில் கட்டோடு மஹ்பூபா வாரிய அலுவலகத்துக்குப் போனாள். அனுமதியில் அவன் பெயரை அடிக்கச் சொன்னாள்.

"தம்பி குடும்பம்னுதானம்மா கொடுத்தோம்," என்றார் அதிகாரி. "தம்பியே இல்லன்னா அவங்க எப்படி உங்களுக்கு உறவு?"

"அவன் பண்ணதுக்கு அவளையும் தெருவுல தள்ளணுமாங்க? அவ எனக்கு உறவுதான். எழுதிக்கோங்க."

அவர் அவள் தோள் கட்டைப் பார்த்தார். பிறகு ஒரு பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கெடு முடிவதற்கு ஐந்து நாள் முன்பு, கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலையும், தங்க ஒரு அறையும் நூரைனுக்குக் கிடைத்தன. போகும்போது மெஹ்விஷ் அத்தையின் இடுப்பை விடாமல் கட்டிக்கொண்டாள்.

வழக்கு மறு வருடம் விசாரணைக்கு வந்தது. பக்ருதீன் தரப்பு வக்கீல் மஹ்பூபாவைக் கேட்டார், "அவர் கையைச் சுட்டது யாரு?"

"நான்தாங்க."

"தடுக்கறதுக்குத் தொட்டாப் போதாதா? அவ்வளவு நேரம் அழுத்தினீங்களே, ஏன்?"

மஹ்பூபா கூண்டிலிருந்த தம்பியைப் பார்த்தாள். அவன் இளைத்துப்போயிருந்தான்.

"அவன் அவ முடியை விடறவரைக்கும் அழுத்தினேங்க," என்றாள்.