சதயத்துக்கு நான்கு நாள்

நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் தீர்ப்பு நாளன்று வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். ஈப்போ நீதிமன்றத்துக்கு வெளியே அன்று புதன்கிழமை வெயில்தான் அடித்தது. குளிர் உள்ளே, ஏர்கோனில் இருந்தது. வழக்கறிஞர் குமுதா அக்கா என்னைத் தூணோரம் கூப்பிட்டபோது அவர் கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"தர்மினி, கேஸை மீட்டுக்கச் சொல்லிட்டாரு லா உங்கப்பா. கேஸே வேணாமாம், இப்பதான் லெட்டர் கொடுத்தாரு."

அப்பாவின் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோரு வருடம் அரசாங்க ஆபீசில் கிராணியாகக் கோப்பு எழுதிய ஸ்கந்தராஜாவின் கையெழுத்து. கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதியிருந்தது எதுவும் மண்டைக்குள் போகவில்லை.

வழக்கு என்னுடையது, பெயர் மட்டும் அப்பாவுடையது. பதினெட்டு நிரம்பாதவள் தானாக வழக்குப் போட முடியாது, பெரியவர் ஒருவர் அவளுக்காகப் போட வேண்டும் என்பது சட்டம். சென்ற வருடம் அப்பாதான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில், பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் என் பள்ளி. திங்கட்கிழமை சபைகூடலில் ஒரு மாணவர் பேச வேண்டும். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். எனக்குக் கொடுத்த தலைப்பு தூய்மை. முத்திரை வாங்கிய தாளை வாசித்து முடித்தபின் அதில் இல்லாத இரண்டு வரிகளைச் சேர்த்துச் சொன்னேன். பெண்கள் கழிப்பறையில் ஜனவரியிலிருந்து தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பள்ளி மேலிடத்துக்கு அனுப்பிய தூய்மை அறிக்கையின் படத்தில் இருப்பது ஆசிரியர்களின் கழிப்பறை.

இரண்டு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது என்றார்கள். நடத்தைச் சான்றிதழிலும் எழுதிவிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சுரிமைக்கு நம் நீதிமன்றத்தில் தீர்ப்பு உண்டு, பள்ளிச் சீருடை போட்டவர்களுக்குத் தனக்குத் தெரிந்து எதுவும் இல்லை, முதல் தீர்ப்பு உன்னுடையதாக இருக்கட்டுமே என்று குமுதா அக்கா சொன்னார். ஒன்றரை வருடமாக அந்தத் தீர்ப்பின் ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"ஏன்பா?"

தலைமையாசிரியர் சான்றிதழைத் திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டார் என்றார். யாரும் மிரட்டவில்லையாம். அண்ணன் இளங்கீரன் தைப்பிங் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த டாக்டர், நிரந்தர வேலைக்குக் காத்திருப்பவர். பழைய சகா ஒருவர் தேநீர்க் கடையில், மகனுக்கு நிரந்தரப் பட்டியல் இன்னும் வரவில்லையா என்று மட்டும் விசாரித்தாராம். அப்பாவுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

"அண்ணன் விடச் சொல்லிக் கேட்டவரோ?"

"அவன் ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு விளங்காதோ பிள்ளை?"

"ஞாயிற்றுக்கிழமை வந்தா உனக்குப் பதினெட்டு" என்றும் சொன்னார். "அதுக்குப் பிறகு என்ர கையிலை ஒண்டுமில்லை. அதுதான் இண்டைக்கே குடுத்தனான்."

நாள் பார்த்துச் செய்திருக்கிறார். வீட்டு நாட்காட்டியில் அவர் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட ஞாயிறு கண்முன் வந்தது. கோவில் அர்ச்சனைக்காக என்றுதான் நினைத்திருந்தேன். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

உள்ளே குமுதா அக்கா எழுந்து, தந்தை வழக்கைத் திரும்பப் பெற விரும்புவதாக மலாயில் சொன்னார். குரலில் உயிரில்லை. நீதிபதி அந்தத் தாளைப் படித்துவிட்டு, மாணவிக்கு இப்போது என்ன வயது என்றார். வருகிற ஞாயிறு பதினெட்டு என்று தந்தை சொல்கிறார் என்றார் அக்கா. நீதிபதி கோப்பைப் புரட்டினார். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொல்லி, அடையாள அட்டை எண்ணைக் கேட்டார்.

"கோசோங் துஜோ, கோசோங் லாப்பான், டுவா லாப்பான்..."

போதும் என்று கையைக் காட்டினார்.

அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. இரண்டாயிரத்து ஏழு, எட்டாம் மாதம், இருபத்தெட்டு. எனக்குப் பதினெட்டு நிரம்பி ஆறு நாளாகியிருந்தது.

யாழ்ப்பாண வழி வந்த எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். ஆவணிச் சதயம். இந்த வருடம் அது ஏழாம் தேதி ஞாயிறன்று வந்தது. ஆங்கிலத் தேதிக்கு யாரும் கேக் வெட்டியதில்லை, எனக்கே போன வியாழக்கிழமை அது ஞாபகம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒரு பாரத்தில் ஒரு கட்டத்தைக்கூடத் தவறாக நிரப்பாத அப்பா, பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் நகர்த்தி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கு இன்று அந்த அதிகாரம் இல்லை என்றார் நீதிபதி. வழக்கைத் தொடர்வதா விடுவதா என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

சரி என்று விட்டால் சான்றிதழ் திருந்தும், அண்ணனின் பட்டியலுக்கும் பயமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கை ஞாபகம் வந்தது. உள்ளே இருப்பவள் சீக்கிரம் வர மாட்டாளா என்று அது வலிக்கும்.

தொடர்கிறேன் என்றேன். மலாயில் அதற்கு இரண்டே சொல்.

நீதிபதி வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சை முன்கூட்டிப் பார்க்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. ஆனால் குழப்பம் விளைவிக்காமல் சொன்ன உண்மைக்காக ஒரு மாணவியைத் தண்டிக்க உரிமை இல்லை. தண்டனை ரத்து. குமுதா அக்கா மேசைக்கு அடியில் என் கையை நசுக்கினார். எனக்கு வலிக்கவே இல்லை.

வெளியே அப்பா தாளைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஆறு நாள் பிந்தீட்டன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கார் நிறுத்துமிடம்வரை அப்பா முன்னால் நடந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே ஏறவில்லை.

"கொண்ணனுக்கு ஆர் சொல்லுறது?"

கைப்பேசி ஏற்கெனவே என் கையில் இருந்தது. அண்ணனின் எண்ணுக்கு மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.