சாப்பாட்டு மேசை வைத்தியம்

டாக்டர் ஜம்புநாதன் மேடையேறி என்னைப் பாராட்டிய அன்றைக்குத்தான் அவர் மேலிருந்த பழைய கோபம் எனக்குப் புதிதாகக் கொதித்தது.

லண்டன் டூட்டிங்கில் தமிழ் டாக்டர்கள் கூட்டம் ஒன்று. ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கும் இளம் டாக்டர்களிடம், இந்த வேலையில் கருகிப் போகாமல் கடைசிவரை சந்தோஷமாக இருப்பது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். நான் நரம்பியல் கன்சல்டன்ட். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை கிடையாது. மகள் சுப்ரியாவைப் பள்ளியிலிருந்து நானே கூட்டி வருகிறேன். சிரிக்க இன்னும் மறக்கவில்லை. இவைதான் என் தகுதிகள். பேசி முடித்து உட்கார்ந்ததும் தலைமை விருந்தினரான ஜம்புநாதன் மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஹம்சினி என் யூனிட்ல சர்ஜரிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவளை நியூராலஜி பக்கம் தள்ளிவிட்டதே நான்தான். இன்னிக்கு எப்படி இருக்கா பாருங்க!”

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டுவது லண்டன் வந்து கற்றுக்கொண்ட வித்தைகளில் ஒன்று.

தள்ளிவிட்டது உண்மைதான். சேலத்திலிருந்து வந்த புதிதில் அவர் யூனிட்டில் சேர்ந்தேன். ‘அம்மாடி’ என்றுதான் கூப்பிடுவார். நவராத்திரிக்கு வீட்டுக்கு அழைப்பார். மற்றவர்கள் வேண்டாம் என்ற வார இறுதி ஷிப்டுகளையெல்லாம் ‘நம்ம பொண்ணுதானே, பார்த்துப்பா’ என்று என் தலையில் கட்டுவார். நானும் பூரித்துப்போய்ப் பார்த்தேன். சர்ஜரி பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. யூனிட் முழுக்க அது எனக்குத்தான் என்றது. கிடைத்தது அபிஷேக்குக்கு, அவன் ஜம்புநாதனின் நண்பர் மகன். தையல் போடும்போது அவனுக்கு நான்தான் பக்கத்தில் நின்று நூலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

காரணத்தை அவரே கேன்டீனில் டீயைக் கலக்கியபடி சொன்னார். “உன் கை தங்கக் கை அம்மாடி. ஆனா மாசமா இருக்கே. சர்ஜரி ஆம்பளைங்களையே சக்கையாப் பிழிஞ்சுடும். உன் நன்மைக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு, வரும் சனி ஞாயிறு ஷிப்டுக்கு ஆளில்லை என்றார். மாசமாக இருப்பது ஷிப்டுக்கு மட்டும் தடையில்லை போலும்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதுதான் என் கோபமே. நான் தட்டுத் தடுமாறி, அழுது, மறுபடி படித்துக் கட்டிய வாழ்க்கையை, பதினோரு வருஷம் கழித்து வந்து தன் கைவேலை என்று மேடையில் சொல்கிறார். கெடுத்ததைக்கூட மன்னித்துத் தொலைத்திருப்பேன். இதை எப்படி மன்னிப்பது?

அந்தக் கூட்டம் நடந்து சில வாரங்களில் அவரே என் வாசலில் வந்து நின்றார்.

நம் டாக்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊரார் எல்லாரையும் ‘முறைப்படி உங்க ஏரியா ஜி.பி. டாக்டரைப் பாருங்க’ என்று விரட்டுவோம். நமக்கு ஒன்று என்றால் மட்டும், தெரிந்த டாக்டர் வீட்டுக்குப் பழங்களோடு போவோம். சாப்பாட்டு மேசைதான் கிளினிக். பதிவு கிடையாது, இரண்டாவது ஆள் கிடையாது. மாத்திரை ஊரிலிருந்து துணிமணிகளுக்கு நடுவே பெட்டியில் வரும். அந்தப் பழக்கப்படிதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் வீட்டுக்கு மனைவி வத்சலாவோடு வந்தார். மாமி கையில் ஒரு பை மாம்பழம்.

கதவைத் திறந்ததுமே பார்த்துவிட்டேன். நடை சுருங்கியிருந்தது. முகத்தில் அசைவில்லை. மேடையில் மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்திருந்த கைகள் இரண்டும் இப்போது கோட்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு சர்ஜனின் கைகள்! எனக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதை மறைக்கக் குனிந்து பையை வாங்கிக்கொண்டேன்.

“சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லும்மா. நமக்குள்ள இருக்கட்டும்” என்றார்.

மேசையில் உட்கார வைத்து விரல்களைத் தட்டச் சொன்னேன். மணிக்கட்டை மடக்கி நீட்டினேன், இறுகியிருந்தது. இன்னும் ஆபரேஷன் செய்கிறாரா என்று கேட்டேன். சின்னச் சின்னதாகச் செய்வதாகச் சொன்னார். பெரியதை அபிஷேக் பார்த்துக்கொள்கிறானாம். பார்க்கின்சன் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எனக்கு ஏதோ இடித்தது. பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். இவருக்கு இரண்டு கையும் ஒன்றுபோல நடுங்கின.

“காபி வாசனை தெரியுதா சார்?”

“உள்ள வரும்போதே தெரிஞ்சுது. கொஞ்சம் சிக்கரி ஜாஸ்தி.”

பார்க்கின்சன் வந்தவர்கள் பலருக்கு முகரும் சக்திதான் முதலில் போகும். இவர் சிக்கரி வரை சொல்கிறார்.

“என்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

“பிரஷருக்கு மட்டும். வேற ஒண்ணுமில்ல.”

டம்ளர் கழுவுகிறேன் என்று மாமி என்னோடு சமையலறைக்கு வந்தார். குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “அவர் இதை மாத்திரைன்னே நினைக்கறதில்ல” என்று கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். “தலைசுத்தலுக்கு. தினம் படுக்கப் போகும்போது ஒண்ணு நான்தான் கொடுக்கறேன். என் தம்பி சென்னைலேர்ந்து அனுப்பறான். ரெண்டு வருஷமாச்சு.”

அட்டையில் ஃப்ளுனாரிசின் என்றிருந்தது. இங்கே அது கடைகளில் கிடைப்பதில்லை. தலைசுற்றலுக்கு நல்ல மருந்துதான். ஆனால் மாதக்கணக்கில் விழுங்கினால் பார்க்கின்சன் போலவே ஒரு நடுக்கத்தைக் கொண்டுவந்துவிடும். நிறுத்தினால் சில மாதத்தில் அநேகமாகச் சரியாகிவிடும். அவ்வளவுதான் வியாதி. ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய கைகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

“தொடர்ந்து கொடுக்கலாமில்லையா ஹம்சினி?” மாமி என் முகத்தையே பார்த்தார்.

“தாராளமாக் கொடுங்க மாமி” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஒரே ஒரு வாரம் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். ‘என் கையால் முடியாது’ என்று அவர் வாயாலேயே யூனிட் முன்னால் சொல்லட்டும். அந்த வார்த்தை எப்படிக் கசக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். அப்புறம் போய்ச் சொல்லிவிடலாம். உயிரா போய்விடப் போகிறது?

மேசைக்குத் திரும்பி வந்தேன். “பார்க்கின்சன் மாதிரிதான் இருக்கு சார். இனிமே நீங்க கத்தியைத் தொடக்கூடாது.” இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். “டிசம்பர் வரைக்கும் ஓட்டிடலாமே?”

“ஒரு நாள்கூடக் கூடாது. நீங்களே யூனிட்ல சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்ல வேண்டி வரும்.”

“ஸ்கேன் ஏதாவது எடுத்துப் பார்த்தா...”

“பார்க்கலாம். முறைப்படி என் கிளினிக்குக்கு வாங்க.”

“ஐயோ, ஆஸ்பத்திரி பூரா தெரிஞ்சுடுமே.” வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

“உங்க நன்மைக்குத்தான் சொல்றேன் சார்.”

தலையாட்டினார். அந்த வாக்கியம் அவருக்கு நினைவே இல்லை. பதினோரு வருஷம் நான் மென்று கொண்டிருந்த வாக்கியம்!

புதன்கிழமை இம்மாகுலேற் அக்கா போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த யூனிட்டின் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்; கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து தினம் இவ்வளவு தூரம் வேலைக்கு வருகிறவர். அந்தக் காலத்தில் நான் அழுதபோதெல்லாம் கதவை மூடிக் காவல் நின்றவர்.

“தங்கச்சி, சங்கதி தெரியுமே? ஜம்புநாதன் சேர் வேலையை விட்டிட்டார். எங்கள் எல்லாரையும் தியேட்டருக்குள்ள கூப்பிட்டு, தன்ர கை இனிச் சரிவராதெண்டு சொன்னவர். அந்தாள் அழுது நான் இண்டைக்குத்தான் கண்டனான்.”

“லீவா அக்கா?”

“லீவில்லை, ஒரேயடியா. கை நடுங்கிற வருத்தமெண்டு பதிஞ்சு எல்லாரும் பாவம் பாக்கிறதை விட, வயசு போட்டுதெண்டு போறது மேலாம். அவற்ற இடத்துக்கு அபிஷேக்காம்.”

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். நான் கேட்டது ஒரு வார அவமானம். அவர் கொடுத்தது முழு வேலையையும். யாரும் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டார். அதுவும் அபிஷேக்குக்கு. அன்றைக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சட்டனில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்திருந்தார். டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாமி காபி கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

“சார், உங்களுக்கு வந்திருக்கறது அநேகமா பார்க்கின்சன் இல்ல. அந்தத் தலைசுத்தல் மாத்திரையால வர்ற நடுக்கம். இன்னியிலேர்ந்து நிறுத்திடுங்க. சில மாசத்துல கை பழையபடி ஆயிடும்.”

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வந்து, நடுங்கும் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மாடி! கண்டுபிடிச்சியே! வத்சலா, பார்த்தியா, நான் சொன்னேனில்ல, இவதான் கெட்டிக்காரின்னு!” கண்ணில் தண்ணீர். எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மறுபடியும் என்னை வைத்து அவர் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

“சனிக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன் சார்.”

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். ஒரு சர்ஜன் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை. யூனிட். வேலை. எல்லாவற்றையும் போட்டு முடித்தார்.

“அந்த சர்ஜரி இடத்துக்காகவா?”

“ஆமா சார். அதுக்காகத்தான்.”

அசைவே இல்லாத அந்த முகமும் இடிந்துபோகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தது. பார்த்தேன். நன்றாகவே இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் யாரிடமும் போய் என்மீது குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் பெட்டியில் வந்த மாத்திரையை விழுங்கி, நடுங்கும் கையோடு நோயாளிகளை அறுத்த கதையையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அவர் உள்ளே போனார். படுக்கையறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமி வாசல் வரை வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அந்த மாத்திரை அட்டை கையில் இருந்தது. காலியாகிப்போன குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இந்த வாரமும் நான்தான் கொடுத்தேன்” என்றார். “வேண்டாம் வேண்டாம்னார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.”

வைத்திருந்த பதில் எதுவும் இந்த மனுஷிக்கு உரியதில்லை.

“திடீர்னு நிறுத்தினா மறுபடி தலை சுத்துமா?”

“சுத்தலாம் மாமி. அப்படி ஏதாவது இருந்தா டாக்டரைக் கேட்டுக்குங்க.”

“டாக்டரைக் கேட்டுத்தானே கொடுத்தேன்” என்று சொல்லிவிட்டு மாமி கதவைச் சாத்தினார்.