மூன்றாம் பாட்டின் மூச்சு

அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இசைத்தட்டு அச்சடிக்கிறார்கள். கீழ்த்தளம் முழுக்கப் பிரஸ்களின் இரைச்சலும் நீராவியும். மாடியில், கதவுக்குக்கூட மெத்தை தைத்த சின்ன அறையில் அவள் ஒருத்தி மட்டும். அச்சாகும் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து மேலே அனுப்புவார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை கேட்பாள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது அவள் தலைவலி இல்லை. ஒரு 'டிக்', ஒரு கரகரப்பு, நடுத்துளை மயிரிழை விலகியதால் சுருதியில் விழும் ஊசலாட்டம், இவற்றைத்தான் தேடுவாள். கிடைத்தால் தட்டின் நடுவிலுள்ள லேபிளில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அது கீழே போய் அரைபட்டு மறுபடியும் பிளாஸ்டிக் குருணையாகிவிடும். தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் 'காது'.

கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வருவார். இரண்டு பேரும் ராக் ஆல்பங்களை வைத்து வாதாடுவார்கள். கண்ணும் காதும் கல்யாணம் செய்துகொண்ட வீட்டுக்கு வந்தால் மூக்கு உடைபடத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டேதான் மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றுவார்.

முக்கால்வாசி வாரங்களில் வாதம் ஒரே ஆல்பத்தில் போய் நிற்கும். அட்டையில் ஒரு காலி நாற்காலி படம் போட்டிருப்பதால் எல்லோரும் அதை 'நாற்காலி' என்றே சொல்வார்கள். நாலு பேர் கொண்ட குழு, இவர்கள் பிறப்பதற்கு முன்பே பதிவு செய்தது. கணவனுக்கு அதற்கு மேல் ராக் இசையே இல்லை. மருந்துக்கடைக்காரருக்கு அது ஊதிப் பெருக்கிய பலூன். மூன்று பாட்டு தேறும், மற்றதெல்லாம் இட்டு நிரப்பியது, டிரம்ஸ்காரர் தூக்கத்தில் வாசித்திருக்கிறார், அந்தக் காலத்தில் காதலில் தோற்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாங்கித் தொலைத்ததால் வந்த பேர் அது என்பது அவர் கட்சி.

கணவனின் கட்சி முழுவதும் ஒரே இடத்தில் நின்றது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். பாடகர் ஒரே ஒரு வரி சொல்வார். பிறகு அமைதி. அந்த அமைதியில், கிழிந்தாற்போல ஒரு மூச்சு உள்ளே இழுபடும். கொஞ்சம் விட்டு, மெலிதாக இன்னொன்று வெளியே போகும். அப்புறம் டிரம்ஸ் இடிந்து விழும். அழுகையை விழுங்குகிற சத்தம் அது, அதை எவனாலும் நடிக்க முடியாது, அந்த ஒரு மூச்சுக்காகவே 'நாற்காலி'க்கு அத்தனை புகழும் தகும் என்பான் கணவன்.

போனில் கேட்டால் அந்த மூச்சு இல்லை. அதற்கும் அவன் பதில் வைத்திருந்தான்: கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். மாணவனாக இருந்தபோது பழைய தட்டுக்கடையில் வாங்கிய தன் தட்டில்தான் அது பத்திரமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால், முதன்முதலில் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியதும் அந்தத் தட்டைத்தான். அந்த இடம் வந்ததும் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள்தான் என்று அந்த நொடியே முடிவு செய்ததாக இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான்.

அவள் அப்போதே காதுதான். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குக் கேட்டது வேறு. இளகிய பிளாஸ்டிக் உருண்டையை இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால், அது தட்டையாகப் பரந்து, அச்சின் ஒவ்வொரு வரிக்குள்ளும், பின்னால் முள் ஓடப்போகும் ஒவ்வொரு மெல்லிய கோட்டுக்குள்ளும், ஓடி நிறைய வேண்டும். சூடு கொஞ்சம் குறைந்தாலும், அவசரப்பட்டு அழுத்தத்தை எடுத்தாலும், எங்கோ ஓர் ஓரத்தில் நிறையாமல் நின்றுவிடும். அந்தச் சொரசொரப்பின் மேல் முள் ஓடும்போது துணி கிழிவதுபோல 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். குறை அடுத்த வரிக்கும் பரவியிருந்தால், தட்டு ஒரு சுற்று முடிந்து முள் அதே பக்கத்துக்கு வரும்போது இன்னொரு 'சர்ர்', சற்று மெலிதாக. இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு சுற்று. மனுஷ மூச்சு தட்டு சுற்றுவதைப் பார்த்து வராது. இதெல்லாம் முதல் தடவையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டது, ஒருவன் தன் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக.

இந்த வருஷம் 'நாற்காலி'யின் புதுப் பதிப்பு அவள் தொழிற்சாலைக்கே வந்தது. மூல நாடாவிலிருந்து, எதையும் துடைக்காமல் திருத்தாமல் எடுத்தது என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். மாதிரித் தட்டைக் கேட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டவள் அவள். மூன்றாம் பாட்டில் அந்த அமைதி அமைதியாகவே இருந்தது. வீட்டில் அதைப்பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

புதுப் பதிப்பை முந்திக்கொண்டு வாங்கியவர் மருந்துக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "மூச்சு மூச்சுன்னு என் உயிரை வாங்கினியே, இதுல எங்கய்யா அது?" என்றார்.

கணவன் சிரித்துக்கொண்டே தட்டைப் போட்டான். பாடகர் வரியைச் சொன்னார். அமைதி. டிரம்ஸ் விழுந்தது. முள்ளை எடுத்துத் திரும்ப வைத்தான். இன்னொரு முறை. பிறகு அவன் பார்த்தது மருந்துக்கடைக்காரரை அல்ல, அவளை.

"உங்க ஆளுங்க துடைச்சிட்டாங்க. நீதானே கேட்டு அனுப்பற? தூசி விழுந்தாக்கூட கேக்குற காதுக்கு இது மட்டும் கேக்கலையா?"

"தங்கச்சி என்னய்யா பண்ணும், விடு," என்றார் மருந்துக்கடைக்காரர். வாயைத் திறந்தால் அவர் எதிரிலேயே கணவனின் மூக்கு உடையும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய், கழுவி வைத்திருந்த கப்புகளையே மறுபடி கழுவினாள்.

அவன் அதோடு விடவில்லை. மறுநாள் கடையைத் திறந்ததும் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டான். ஆல்பத்தின் உயிரை எடுத்துவிட்டார்கள், ஆதாரம் என் கையில் இருக்கிறது, என் மனைவியே அந்தத் தொழிற்சாலையில்தான் இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறான். ஆல்பத்தின் சொந்தக்காரர்கள் பயந்துபோய் அச்சை நிறுத்தச் சொன்னார்கள். கீழ்த்தளம் ஓய்ந்ததை அவள் மாடியிலிருந்தே உணர்ந்தாள். மேனேஜர் படியேறி வந்தார். மாதிரியில் இருப்பது அவள் கையெழுத்து; ஏதாவது விட்டுப்போயிருந்தால் உருளப்போவது அவள் தலை. உன் வீட்டுக்காரர் தட்டைக் கொண்டுவா, கேட்டுவிடுவோம் என்றார்.

சாயங்காலம் கணவனே அதை எடுத்து, கடையில் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் சுற்றினான். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து அனுப்புகிறவன் போல இருந்தது அவன் முகம்.

"அது மூச்சே இல்லைன்னா?" என்றாள்.

"மூச்சு இல்லைன்னா அப்புறம் இந்த ஆல்பத்துல என்ன இருக்கு?" சிரித்தான். "பயப்படாத. உன் மேல தப்பில்ல, மெஷின் மேலன்னு சொல்லிடு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் 'சர்ர்' வந்ததும் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இதற்காகவா பிரஸ்ஸை நிறுத்தினோம் என்றார். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். வரியின் சுவரில், பிளாஸ்டிக் எட்டாத இடம் பல் உதிர்ந்த சீப்பு போலத் தெரிந்தது. கீழே சும்மா நின்றிருந்த பிரஸ்காரர்களையும் மேனேஜர் கூப்பிட்டார். ஹெட்போன் கைமாறிக்கொண்டே போனது. எவனோ தூங்கிக்கொண்டே அடித்த தட்டு என்றான் ஒருவன். இதைக் கேட்டு ஒருத்தர் இத்தனை வருஷம் அழுதிருக்கிறாரா என்றான் இன்னொருவன். அவர்கள் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்து வைத்தாள்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். பிரஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. துணியில் சுற்றப் போகும்போதுதான் பார்த்தாள்: லேபிளின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் தட்டுகளில் போட்ட கை அது. யார் தட்டு என்று பார்க்கவில்லை. விரலால் தேய்த்தாள். பழைய காகிதம், குறி ஈஷிக்கொண்டதே தவிர அழியவில்லை.

வீட்டில் கணவன் துணியைப் பிரித்தான். லேபிளில் இருந்த சிவப்புக் குறியைப் பார்த்தான். அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளேதான் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவை போட்டுக் காட்டினீங்களே, அன்னைக்கே."

"அன்னைக்கு நீ அழுத."

"உங்களைப் பிடிச்சிருந்தது."

"அப்ப இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள சிரிச்சிட்டு இருந்திருக்க."

"ஒரு நாள்கூட சிரிச்சதில்லைங்க."

"பாவம் பாத்திருக்க," என்றான். "அதுக்குப் பதிலா சிரிச்சிருக்கலாம்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு, கதவைப் பூட்டியாயிற்றா, தண்ணீர் வந்ததா என்ற அளவோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே கணவன், நீங்கள் சொன்னதுதான் சரி, அது ஒன்றுமில்லாத ஆல்பம் என்றான். இத்தனை காலம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கிடைத்ததும் மருந்துக்கடைக்காரருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னய்யா இப்படிப் பொசுக்கென்று கைவிட்டுவிட்டாய் என்றார். புதுத் தட்டை நிதானமாகக் கேட்டேன், மூன்றாம் பாட்டு மோசமில்லை, அந்த அமைதிகூட ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது என்று, தோற்ற கட்சிக்கே வக்கீலாகிப் பேசிப் பார்த்தார்.

கணவன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீ சொல்லு," என்றான் அவளிடம். "எங்க எல்லாரையும்விட அதிகம் கேட்டவ நீதான். அந்த ஆல்பத்துக்கு அத்தனை புகழ் தகுமா?"

அந்தக் கூடத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவள் உண்மையாகவே பதில் தேடினாள். முதல் பக்கத்தின் தொடக்கம் நினைவுக்கு வந்தது: சத்தமில்லாமல் முள் இறங்கும். சுருதி ஆடாது. இரண்டாம் பக்கம், கடைசிச் சுற்றுவரை கரகரப்பு இல்லை. மூன்றாம் பாட்டில் அமைதிக்கு முன்னால் பாடகர் சொல்லும் அந்த ஒரு வரி என்ன என்று யோசித்தாள். எத்தனை முறை கேட்டும், அது மட்டும் வரவில்லை.

"புதுத் தட்டு சுத்தமா இருக்கு," என்றாள்.

கணவன் தலையாட்டினான், எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல. அலமாரியிலிருந்து தன் தட்டை உறையில்லாமல் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"குறிதான் போட்டாச்சே. கொண்டுபோய் அரைச்சிடு."

மருந்துக்கடைக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். அவள் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். பழக்கப்படி ஓரத்தை மட்டும் பிடித்து, வரிகளில் விரல் படாமல்.