மூடாமல் விட்ட கோப்பு

நார்வேயின் பெர்கனில் காலையிலிருந்தே மழை. எங்கள் கடலாய்வுக் கூடத்தில் தோருன் மிதவை அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மிதவைக்கும் வெப்பம், உப்பு, ஆழம் என மூன்று வரைபடங்கள். மூன்றையும் ஒரு பக்கத்தில் சேர்த்து, எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்க ஆர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியிருந்தாள்.

பக்கத்தில் எல்பியோர்க், நனைந்த மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் சின்ரே எங்களோடு வேலை பார்த்தவர். மிதவையைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் புயலில் படகோடு மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை. மிதவையிலிருந்து அவர் கழற்றிய முஷ்டியளவு கருவி மட்டும் ஒரு மீனவரின் வலையில் சிக்கி எங்களிடம் வந்திருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். உடனே போயிட்டாரா, இல்ல யாராவது வருவாங்கன்னு காத்துக் கெடந்தாரா?"

தோருன் அந்தக் கருவியின் பதிவை ஏற்றி வரையச் சொன்னாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி இயக்கினாள். அப்போதும் வெறுமைதான்.

"ஒண்ணும் பதிவாகல எல்பியோர்க். படகு கவுந்தப்பவே கருவி நின்னிருக்கு. ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்."

எல்பியோர்க் கண்ணை மூடித் தலையசைத்தாள். தட்டிலிருந்த இலவங்கப்பட்டை ரொட்டியை அப்போதுதான் எடுத்தாள்.

நான் தோருனின் திரையை எட்டிப் பார்த்தேன். "தாயே, அறிக்கைக் கோப்ப மூடுனியா? மூடலன்னா இப்ப வரைஞ்சதும் திரைக்கு வராது, அதுக்குள்ளதான் போய் விழும்."

"எனக்கே பாடமா? போய்க் காப்பி போடு..." என்றவள் பாதியில் நின்றாள். மூடும் கட்டளையைத் தட்டி, கோப்பைத் திறந்து அறிக்கை முடிந்த இடத்துக்குப் போனாள்.

இருந்தது. தொடக்கத்தில் ஆழம் சுழியம். உப்பும் சுழியம். வெப்பக் கோடு மட்டும் உயரத்தில் நடுங்கிக்கொண்டே போனது.

"தப்பா விழுந்த பக்கம், எடுத்துடறேன்..."

எல்பியோர்க் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கடல் எத்தன டிகிரி?"

"ஆறு."

"இது?"

"முப்பத்திரண்டு."

"கவுந்த படகு மேல ஏறி, இதச் சட்டைக்குள்ள வெச்சிருந்திருக்காரு. நெஞ்சோட." அவள் விரல் கோட்டின் மேலேயே நகர்ந்தது. இருட்டிய நேரம் முழுக்க அது மெல்ல மெல்ல இறங்கி, விடியும் நேரத்தில் சட்டென்று ஆறில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் உப்புக் கோடு எழுந்தது.

தோருனின் கை தவறிப் பட்டதில் அடுத்த பக்கம் வந்தது. இரண்டாம் முறை இயக்கியதன் பக்கம் அது. அதே கோடு, மறுபடி முப்பத்திரண்டில்.

"பாரு," என்றாள் எல்பியோர்க், "திரும்பவும் சூடாயிட்டாரு. இத மூடிடாத."